சிவாவுக்கு, மகளின் படிப்பைப் பற்றி

அன்பின் சிவா,

கடிதம் கிடைத்தது. ஹட்டனில் மழை விட்டபாடில்லை. மகள் இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் குடும்ப மருத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறவளிடம், டவுனில் கிளினிக் போட்டிருக்கிற டொக்டர்மாரும் அதைத்தானே செய்கிறார்கள், அதற்கு எதற்கு இன்னொரு படிப்பு என்று நீ கேட்டதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எம்.பி.பி.எஸ். 5 வருடம், இன்டர்ன்ஷிப் ஒரு வருடம், மருத்துவ சபையில் பதிவு, இவ்வளவு இருந்தால் நம் நாட்டில் பொது வைத்தியராகக் கிளினிக் திறக்கலாம். அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி வார்டில் நடப்பது. கிளினிக்குக்கு நடந்து வருகிறவருக்கோ என்ன வருத்தம் என்றே இன்னும் தெளிவாகியிருக்காது. அதைப் பார்க்கத்தான் குடும்ப வைத்தியர் கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் டிப்ளோமாவோ, எம்.டி. என்கிற மேற்பட்டமோ செய்கிறார். அமெரிக்காவில் 1969இலேயே இதைத் தனித் துறையாக ஏற்றுக்கொண்டார்கள், அங்கே 3 வருடப் பயிற்சி.

என் அக்காவை எடுத்துக்கொள். சீனிக்கு ஒரு கிளினிக், பிரஷருக்கு இன்னொன்று, முழங்கால் வலிக்குக் கண்டியில் தனியாரில் சனல் பண்ணிப் பார்த்த ஸ்பெஷலிஸ்ட். கடைசியில் குடும்ப மருத்துவம் படித்த ஒருவரிடம் கூட்டிப்போனேன், வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொன்னார். ஒரே வலி மாத்திரையை வெவ்வேறு பெயரில் இரண்டு இடத்தில் கொடுத்திருக்கிறார்கள்! அது பிரஷரை ஏற்றும், கிட்னிக்கும் கூடாது என்று நிறுத்தினார். அப்புறம் லயத்துக் காம்பிரா வீட்டில் விறகடுப்பா, புகை போக வழி உண்டா, தண்ணீர் யார் தூக்குகிறார்கள் என்றெல்லாம் கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை.

பழைய டொக்டர்மாரைக் குறைத்துச் சொல்லவில்லை, ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் பொது வைத்தியர்கள் தங்களுக்கென்று 1974இலேயே ஒரு கல்லூரி அமைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இருபது வருட அனுபவத்தில் பிடித்ததை, உன் மகள் ஆரம்பத்திலேயே முறையாகப் படித்துக்கொண்டு வரலாம் இல்லையா? தோட்டத்துச் சனத்துக்கு அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால், சின்ன வருத்தத்துக்கெல்லாம் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு கண்டிக்கு பஸ் ஏற வேண்டாம்.

ஸ்பெஷலிஸ்ட் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்கிற உன் ஆசை எனக்குப் புரிகிறது. எம்.டி.யும் அதற்குப் பிறகுள்ள பயிற்சியும் முடித்தால் அவளும் ஸ்பெஷலிஸ்ட்தான். அவளைத் தடுக்காதே. டிப்ளோமாவா எம்.டி.யா என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
ராஜு