தங்கச்சி, கதையை மூடி வைக்காதே

டொரண்டோ
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அம்மா அப்பாவும் நலம்தானே? குழந்தைக்குத் தலை நின்றுவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

போனில் பேசித் தீராது என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். நாம் பேசும்போது பாதி நேரம் உன் பக்கம் குழந்தை அழுகிறது, மீதி நேரம் என் பக்கம் இரண்டும் சண்டை போடுகின்றன. அதற்கு நடுவில், “கதை எழுதுறதெல்லாம் இனிமே அவ்வளவுதான்க்கா, அதுக்கெல்லாம் ஏது நேரம்” என்றாய். சொன்ன வேகத்தில் வேறு பேச்சுக்கும் போய்விட்டாய். அதற்கப்புறம் நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. நீ கல்லூரியில் எழுதிய கதைகளைப் படித்துத்தான் எனக்கே எழுத ஆசை வந்தது. அப்படிப்பட்ட நீ நிறுத்தப்போகிறேன் என்றால் நான் எப்படிச் சும்மா இருப்பது?

முதலில் இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். இப்போது நல்ல குளிர். டிசம்பர் கடைசியில் காலை 7.50 ஆகும் சூரியன் எழ, சாயங்காலம் 4.45க்கெல்லாம் இருட்டிவிடும். இந்த மாதம் கொஞ்சம் தேவலை. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதே ஒரு பெரிய வேலை. ஸ்னோ பேண்ட், பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கழுத்துத் துணி, கடைசியில்தான் கையுறை. கையுறையை முன்னாடியே மாட்டிவிட்டால் அவர்களால் ஜிப்பை இழுக்க முடியாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். எல்லாம் முடிந்து கதவைத் திறக்கும்போது சின்னவன் பாத்ரூம் போகணும் என்பான். அங்கே என்றால் அம்மா ஒன்றைப் பிடித்துக்கொள்வாள், பக்கத்து வீட்டில் யாராவது கை கொடுப்பார்கள். இங்கே நானும் உன் அத்தானும்தான். அவருக்கு ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. நான் அலுவலகம் முடிந்து ஓடிவந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு சேர்ந்தால் இருட்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கே சொல்லாமல் கொள்ளாமல் யாரும் வருவதில்லை. வந்த புதிதில் அது எனக்குத் தாங்கவே முடியாத தனிமையாக இருந்தது. வாரக்கணக்கில் வாசல் மணி அடிக்காது. ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்த அமைதி முழுக்க எனக்குத்தான். உனக்கு ஆள் துணை இருக்கிறது, அமைதி இல்லை. எனக்கு அமைதி இருக்கிறது, ஆள் துணை இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைத்து எழுதியவர்கள் ரொம்பக் குறைவு என்றுதான் தோன்றுகிறது.

இந்த நாட்டில் கரோல் ஷீல்ட்ஸ் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். அவரும் வெளியிலிருந்து வந்தவர்தான். 1935இல் அமெரிக்காவில் பிறந்து, கல்யாணமாகி 1957இல் கனடாவுக்கு வந்தார். ஐந்து பிள்ளைகள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில், நாளுக்கு இரண்டு பக்கம் என்று எழுதினார். ஒன்பது மாதத்தில் ஒரு நாவல் கையில் இருந்தது. அவருடைய அந்த முதல் நாவல் 1976இல் வெளிவந்தது. பின்னாளில் வேறொரு நாவலுக்காக 1995இல் புலிட்சர் பரிசும் வாங்கினார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த இரண்டு பக்கக் கணக்கு. இரண்டு பக்கத்தில் எந்தக் காட்சியும் முடியாது. பாதியில் எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டியதுதான். ஆனால் பாதியில் விட்டதுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். துணி மடிக்கும்போது, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போது, அடுத்த வரி தானாக வந்து நிற்கும். அதனால் நான் எப்போதும் அடுத்து என்ன வரும் என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்துகிறேன். சில நாள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் அப்படியே விட்டுவிடுவேன். மறுநாள் நோட்டைத் திறந்ததும் யோசிக்க ஒன்றுமில்லை, அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். கை ஓட ஆரம்பித்தால் மனசும் கூடவே வந்துவிடும்.

நீ நேரம் இல்லை என்கிறாய். எனக்கு நேரத்தைவிடப் பெரிய பயம், கதையை மறந்துபோவது. ஒரு வாரம் தொடாமல் விட்டால் அந்த ஆட்கள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். திரும்ப அவர்கள் குரல் காதில் விழவே நாலைந்து நாள் ஆகிறது. அதனால் ஒரு நாளில் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் சரி, கதையைத் திறந்து பார்த்துவிடுவேன்.

எங்கே எழுதுகிறேன் தெரியுமா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியவளுக்கு நீச்சல் வகுப்பு, நகராட்சியின் சமூக மையத்தில். அரைமணி நேரம். பெற்றோர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே மைனஸ் பத்து, உள்ளே குளோரின் வாசமும் வெக்கையும். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருக்கும். நான் கோட்டைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்து, அதன் மேல் நோட்டை வைத்து எழுதுவேன். அவள் அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பும்போதெல்லாம் என்னைத் தேடுவாள். நான் ஆவியைத் துடைத்துக் கையாட்டணும். ஆட்டிவிட்டுத் திரும்ப எழுதுவேன்.

போன மாதம் முடித்தேனே, ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருக்கும் கதை, அதன் பெரும்பகுதி அந்தப் பெஞ்சில் எழுதியது. அதில் இரண்டு பேரும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வேறெங்கோ பார்ப்பார்கள், பிறகு வேறு விஷயத்தில் ஆரம்பிப்பார்கள். அந்த இடங்கள்தான் உயிரோடு இருக்கின்றன என்று படித்தவர்கள் சொன்னார்கள். நான் நடுநடுவே நிமிர்ந்து கையாட்டியதால் வந்த இடைவெளி அது. தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதியிருந்தால் அந்த மௌனங்கள் எனக்குக் கிடைத்திருக்காது. வீடு நம் எழுத்தைக் கெடுக்கிறது என்று நீ நினைத்தால், இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்.

பள்ளி விடும் வரை காரில் காத்திருக்கும்போதும் எழுதுவதுண்டு. கடும் குளிரில் பால்பாயிண்ட் பேனா எழுதாது, மை இறுகிவிடும். போன் பேட்டரியும் மளமளவென்று இறங்கும். பென்சில் எந்தக் குளிரிலும் எழுதும். அதனால் கார் கதவின் பையில் எப்போதும் ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் கிடக்கும்.

உனக்கு இப்போது இரண்டு கையும் குழந்தையிடம் இருக்கிறது, பென்சிலும் பிடிக்க முடியாது என்று தெரியும். அதற்கும் ஒரு வழி உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைத்துப் பார். 1901இல் பிறந்து, ஆறு வயது முடிவதற்குள் கல்யாணம். கதை சொல்லத் தெரியும், சரளமாக எழுத வராது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர், தன் முதல் நாடகத்தை வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அது 1924இல் புத்தகமாகவும் வந்தது. மறு வருஷமே ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தத் தொடங்கிவிட்டார். மொத்தம் 115 நாவல்கள்! கையால் எழுத முடியாதது அவருக்கு ஒரு காரணமாகவே தோன்றவில்லை, பார்த்தாயா?

உன் போன்தான் உனக்குப் பட்டம்மாள். குழந்தை தோளில் இருக்கும்போது குரல் தட்டச்சைப் போட்டுவிட்டுக் கதையைச் சொல். பேச்சுத் தமிழில் சொன்னால் அது தடுமாறும், ர-ற, ன-ண எல்லாம் குழப்பும். கொஞ்சம் நிதானமாக, எழுத்து நடையில் சொன்னால் பிடித்துக்கொள்ளும். உரையாடலை மட்டும் குரலாகவே பதிவு செய்துவிடு, பிறகு கேட்டு எழுதிக்கொள்ளலாம். நான் பேருந்து நிறுத்தத்தில் நின்று அப்படிச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கு நான் யாரிடமோ போன் பேசுவதாகத்தான் தெரியும்.

அப்புறம், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுது என்று யாராவது உனக்கு அறிவுரை சொன்னால், இப்போதைக்கு அதைக் காதில் வாங்காதே. அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் அப்படித்தான் எழுதினார், உண்மை. வேலைக்கும் போய்க்கொண்டு, தனியாக இரண்டு பையன்களை வளர்த்தவர். ஐந்து மணிவாக்கில் அவர்கள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவார்கள், அதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுவாராம். 1970இல் முதல் நாவல் வந்தது, 1993இல் நோபல் பரிசு. ஆனால் கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம்தான் முதல். ராத்திரி மூன்று தடவை எழுந்த உடம்பை நாலு மணிக்கு எழுப்பினால் கதையும் வராது, உடம்பும் போய்விடும். குழந்தை தூங்கினால் நீயும் தூங்கு. விடியற்காலை எங்கேயும் போகாது, பிள்ளை வளர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையிடம் கேட்டாயா? “கொஞ்சம் குழந்தையைப் பார்த்துக்கோங்க” என்று கேட்காதே. அந்தக் கொஞ்சத்துக்கு அளவு கிடையாது, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நான் அத்தானிடம் உட்கார்ந்து பேசி, சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை என் நேரம் என்று முடிவு செய்துகொண்டேன். ஞாயிறு அதே நேரம் அவருடையது, அவர் பூப்பந்து ஆடப் போவார். என்ன எழுதுகிறாய், எவ்வளவு எழுதினாய் என்று அவர் கேட்பதில்லை, ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு போன்கூடப் பண்ணமாட்டார். எனக்கு அது பெரிய மரியாதை.

சனிக்கிழமை நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். டொரண்டோ பொது நூலகத்துக்கு நூறு கிளைகள். எங்கள் பக்கத்துக் கிளையில் தமிழுக்குத் தனி அலமாரி இருக்கிறது. அதற்கு நேர் எதிரே ஜன்னலோரம் ஒரு மேசை. அங்கே புதிதாக எழுதுவதில்லை, வாரம் முழுக்கத் துண்டுதுண்டாக எழுதியதைப் பரப்பி வைத்து ஒட்ட வைப்பேன். துண்டாக எழுத அரைமணி நேரம் போதும், ஒட்ட வைக்கத்தான் சேர்ந்தாற்போல் நேரம் வேண்டும். வீட்டிலும் வெளியிலும் கிடைக்கும் நேரத்தை நான் இப்படித்தான் பிரித்துவைத்திருக்கிறேன். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது, வழக்கமான நேரத்துக்கு எழுந்துவிடுவார்கள். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சேர வேண்டியது என்று அத்தானிடம் வாதாடி வாங்கிவிட்டேன்.

எனக்கு இங்கே ஒரே ஒரு குறை இருக்கிறது, அதை நீதான் தீர்க்கணும். பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். நான் எழுதியதை ராத்திரி அவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன், பெரியவள் “அப்புறம்?” என்று கேட்டால் கதை சரியாகப் போகிறது என்று அர்த்தம். ஆனால் என் கதையில் வரும் சின்னப் பெண்கள் நான் ஊரைவிட்டு வந்த வருஷத்துப் பேச்சையே பேசுகிறார்கள். இப்போது இருபது வயதுப் பெண்கள் எப்படிக் கோபப்படுகிறார்கள், எப்படிக் கிண்டல் செய்கிறார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ பேருந்தில், டாக்டர் வீட்டு வரிசையில் கேட்பதை எனக்குக் குரல் செய்தியாகச் சொல்லி அனுப்பு. சொல்லும்போதே உனக்கும் ஒரு கதை ஆரம்பித்துவிடும் என்று நம்புகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தாயே, வீட்டை விற்றுவிட்டுப் போகும் அண்ணன் தம்பிகள் கதை. சாவியைக் கொடுக்கும் இடம் வரை எனக்கு வாசித்துக் காட்டினாய். சாவி யார் கையில் போனது? அந்தக் கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்து, போட்டோ பிடித்து எனக்கு அனுப்பு. அதற்குக் கீழே ஒரு வரி, பாதி வரியானாலும் சரி, புதிதாக எழுதி அனுப்பு. நல்லா இருக்கா இல்லையா என்று நான் எதுவும் சொல்லமாட்டேன். என்னுடையதிலும் ஒரு பக்கம் உனக்கு வரும், வாராவாரம் மாற்றிக்கொள்வோம்.

மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரம் திரும்ப முன்னால் போகும். அதற்குப் பிறகு இங்கே ராத்திரி ஒன்பதரை என்றால் உனக்குக் காலை ஏழு. குழந்தையைக் குளிப்பாட்ட அம்மா வாங்கிக்கொண்டு போகும் நேரம் அதுதானே? அப்போது கூப்பிடு, பிள்ளைகள் இரண்டும் தூங்கியிருக்கும்.

அம்மா அப்பாவுக்கு என் அன்பு. குழந்தைக்குப் பெரியம்மாவின் முத்தங்கள்.

அன்புடன்,
அக்கா