எஸ்டிமேட் சீட்டில் வாங்கிய எஸ்எஸ்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்லடம் பக்கம் பன்னிரண்டு விசைத்தறி போட்டு காடா துணி ஓட்டுகிறவன் நான். கம்ப்யூட்டர் பற்றி எழுதும் அளவுக்குப் படிப்பு இல்லை, பட்டதை எழுதுகிறேன்.

தறிக்குடோனை ஒட்டின அறையில் 2015-ல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. நூல் கணக்கு, தறி ஓட்டுகிறவர்களுக்கு வாராவாரம் போடும் கூலி, ஜிஎஸ்டி பில் எல்லாம் அதில்தான். போன வருஷம் அதை ஆன் பண்ணிவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் திரை முழுசாக வந்திருக்காது. கோவையில் இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன் வந்து மூடியைக் கழற்றினான். உள்ளே ஃபேனையே காணோம், பஞ்சுதான் இருந்தது. சூட்டை இழுக்கிற ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பவானி ஜமுக்காளம் விரித்த மாதிரி படிந்திருந்ததை விரலால் உரித்து ஒரே துண்டாக எடுத்துக் காட்டினான். "புதுசு வேண்டாம் மாமா, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி போட்டு, ரேமை எட்டு ஜிபி ஆக்கினாப் போதும்" என்றான். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க் மாதிரி எல்லாவற்றையும் சேமித்து வைப்பதுதான், ஆனால் சிப்பால் ஆனது, வேகமானது; ரேம் என்பது வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் பயன்படுத்துகிற தற்காலிக நினைவகம். அவன் சொன்னது சரிதான். மாட்டின பிறகு அரை நிமிஷத்தில் டாலி என்கிற கணக்கு மென்பொருள் திறந்தது.

கோளாறு நான் வாங்கின விதத்தில். காந்திபுரத்தில் ஒரு கடை. எஸ்எஸ்டி 1,700, ரேம் 1,300, ஆக 3,000 ரூபாய். "ஏனுங்ணா, பில்லு வேணுமுங்களா? போட்டா பதினெட்டு பர்சன்ட் சேருமுங்க" என்றார் கடைக்காரர். 540 ரூபாய் மிச்சம் என்று காசைக் கையில் கொடுத்துவிட்டு, கடைப் பேர்கூட இல்லாத ஒரு எஸ்டிமேட் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று வருஷ வாரண்டி என்று சொன்னதும் வாய்ச்சொல்தான்.

அஞ்சாவது மாசம், அதுவும் கூலி போட வேண்டிய சனிக்கிழமை காலை, கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியையே காணோம் என்றது. தறிக்காரர்கள் வெளியே நிற்கிறார்கள், நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆளாளுக்கு மீட்டர் கேட்டு எழுதுகிறேன், அந்தச் சங்கடத்தைச் சொல்லி மாளாது. மறுநாள் அக்கா மகன் அதைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தான். பத்துத் தடவைக்கு ஒரு தடவை தெரிந்தது. தெரிந்த நேரத்தில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற இலவச மென்பொருளைத் திறந்தால், எஸ்எஸ்டி இதுவரை ஓடின நேரம் 19,000 மணிக்கு மேல் என்று காட்டுகிறது. அஞ்சு மாசம் ராத்திரி பகலாக நிறுத்தாமல் ஓட்டியிருந்தாலும் 3,700 மணியைத் தாண்டாதே. எங்கேயோ ரெண்டு வருஷத்துக்கு மேல் உழைத்த சரக்கை உறை ஒட்டிப் புதுசு என்று கொடுத்திருக்கிறார்கள். தயாரித்த கம்பெனியின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால் வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. கடைக்குப் போனேன். "இது எங்க கடையில வாங்கினதுன்னு எப்படிங்ணா சொல்றீங்க?" என்றார். சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

இதில் என் முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. எனக்கே ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, பில் வாங்கியிருந்தால் அந்த 540-ஐ இன்புட்டில் எடுத்து, நான் கட்டுகிற ஜிஎஸ்டியில் கழித்திருக்கலாம். வீட்டுக்காரம்மா இதை இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

விற்ற பொருளுக்கு ரசீது தராததை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம். ஆனால் கையில் தாள் இல்லாதவன் எதைக் காட்டிப் பேசுவது? செல்போன் வாங்கினால் ஐஎம்இஐ எண்ணைப் பில்லில் அடித்துத் தருகிறார்கள், எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் சீரியல் நம்பரை அடித்துத் தர என்ன கஷ்டம்? 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்பெல்லாம் போய் ரேமும் எஸ்எஸ்டியும் தாறுமாறாக விலை ஏறிக் கிடக்கிற நேரம் இது. "பில் இல்லாமல் குறைச்சுத் தர்றேன்" என்கிற பேச்சில் முன்னைவிட நிறையப் பேர் மயங்குவார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர்களிடம் உங்கள் நிருபர்கள் இதைக் கேட்டு எழுத வேண்டும். வாங்கின அன்றைக்கே ஓடின மணியையும் வாரண்டியையும் பார்ப்பது எப்படி என்று படத்தோடு போட்டால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

போன வாரம் யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் பேட்டரி மாற்ற வேறொரு கடைக்குப் போனேன். பில்லில் சீரியல் நம்பர் வேண்டும் என்றதும் கடைப் பையன் பேட்டரியைத் திருப்பித் திருப்பித் தேடி, கடைசியில் பில்லின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தான்.

இப்படிக்கு,
விசைத்தறி நடத்தும் வாசகர் ஒருவர்,
பல்லடம் வட்டாரம்.