கொழுந்து பறித்த அம்மாவுக்கு லீவு உண்டு, எனக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் பேப்பரில் இளம் தொழில்முனைவோர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தினமும் பதினெட்டு மணி நேர உழைப்பு, ஞாயிற்றுக்கிழமையே மறந்துபோச்சு என்று அதில் ஒருவர் பெருமையாகச் சொல்லியிருந்தார். படித்ததும் எனக்கு மணிக்கட்டு வலித்தது. நிஜமாகவே.

நான் கோத்தகிரியில் துணிப்பைகளில் கையால் படம் வரைந்து விற்கிறேன். காட்டுமாடு, சிரிப்பான் குருவி, மலை ரயில். பிளாஸ்டிக் பைக்குப் பதில் துணிப்பை என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது வந்த துணிச்சலில் ஆரம்பித்தது. போன வருட சீசனில் ஊட்டிக் கடைக்காரர் ஒருவர் ஐந்நூறு பை கேட்டார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. புதிதாகத் தொழில் தொடங்கினவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது. இரவு ஒரு மணி வரை வரைவேன், அப்புறம் போனில் விலை கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போடுவேன், காலை ஐந்துக்கு எழுந்து பேக்கிங். சாப்பாடு பெரும்பாலும் டீயும் வர்க்கியும். மே கடைசியில் ஒருநாள் குருவிக்கு வால் வரையப் போனால் கோடு நடுங்குகிறது. கட்டைவிரல் பக்கம் தசைநார் வீங்கியிருக்கிறது, ஆறு வாரம் பிரஷ்ஷைத் தொடாதே என்றார் டாக்டர். அதுகூடப் பரவாயில்லை. சின்ன வயதில் சுவரெல்லாம் கிறுக்கி அடி வாங்கினவள் நான், எனக்குப் பெயின்ட் வாசனையே குமட்ட ஆரம்பித்ததுதான் பயமாக இருந்தது.

அம்மா முப்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். “ஏண்டி, எங்களுக்கே வாரத்துல ஒருநாள் லீவு உண்டு, உன் முதலாளி தரமாட்டானா?” என்றார். முதலாளி நான்தானேம்மா என்றேன். “அப்போ மோசமான முதலாளி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். ஏழு நாளில் ஒருநாள் ஓய்வு என்பதற்கு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம் இருந்தது. பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டி இன்றும் திங்கட்கிழமை மண்ணைக் கொத்த மாட்டார், அது அவர்களுக்குப் புனித நாள். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் சட்டமும் இல்லை, சாமியும் இல்லை. வேலை அழுத்தம் தீராமல் சேர்ந்து ஆளையே ஓய்த்துவிடும் நிலையை, அது நோயல்ல, வேலையால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தது. எனக்கு ‘சோம்பேறி ஆகிவிட்டாய்’ என்றுதான் சொன்னார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமை கடை லீவு. இரவு எட்டுக்கு மேல் போன் அலமாரியில். லாபத்தில் கையை விடாமல் எனக்கென்று மாதச் சம்பளம் எழுதி எடுத்துக்கொள்கிறேன். செவ்வாயன்று விற்பனைக்கு இல்லாத படம் ஏதாவது வரைகிறேன், பெரும்பாலும் கிழித்துப் போடுவேன். இதனால் இரண்டு ஆர்டர் போனது, மறைக்கவில்லை. வாடகை இல்லாத வீடும், சமைத்துப் போட அம்மாவும் இருப்பதால் எனக்கு முடிகிறது. வங்கித் தவணை கழுத்தை நெரிக்கிறவரிடம் போய் ஓய்வெடுங்கள் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் போன தொழில் பயிற்சியில் திட்ட அறிக்கை, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி. எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் உடம்புக்கு என்ன செலவு என்ற கணக்கை யாரும் போடச் சொல்லவில்லை. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன? மனம் ஒடிந்துபோனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம் என்று பலகையில் எழுதிப் போட்டாலாவது போதும், எனக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. அடுத்த முறை வெற்றிக்கதை எழுதும் நிருபர், எத்தனை லட்சம் விற்பனை என்று கேட்ட கையோடு, கடைசியாக எப்போது லீவு போட்டீர்கள் என்றும் கேட்டு, அந்தப் பதிலையும் அச்சில் போடுங்கள்.

- ஒரு வாசகி, கோத்தகிரி