கையால் பழகும் தோட்டக்களத்துக்கு உங்கள் பங்கு வேண்டும்

ஊரிலும் புலம்பெயர் தேசங்களிலும் வாழும் உறவுகளுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நாலு பரப்புச் செம்மண் தோட்டக்காணி ஒன்று, நிலைபேறான வாழ்க்கைமுறையைச் செய்து பழகும் பயிற்சிக்காக எங்கள் குழுவிடம் தரப்பட்டிருக்கிறது. அதில் கிணறு உண்டு. ஆறு மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமுமான ஓட்டுக் கொட்டகை உண்டு. வேலிக் கதியாலில் பூவரசும் கிளுவையும் நன்றாகத் தழைத்து நிற்கின்றன. இல்லாதவை மழைநீர்த் தாங்கியும், கூட்டெருக் கூடுகளும், விதை வைக்கும் அறையும், இருபது பேர் ஒரே நேரத்தில் பிடித்து வேலை செய்யக் கருவிகளும். அவற்றுக்காகவே இந்த வேண்டுகோள்.

பயிற்சி 72 மணித்தியாலம். 1978இல் அவுஸ்திரேலியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரனும் தொடக்கிவைத்த, இயற்கையின் போக்கைப் பின்பற்றித் தோட்டத்தையும் வாழிடத்தையும் வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர் முறையின் வடிவமைப்புப் பயிற்சிக்கு உலகெங்கும் வழங்கும் கால அளவு அது. அதை நாங்கள் 12 சனிக்கிழமைகளுக்கு, நாளொன்றுக்கு 6 மணித்தியாலமாகப் பிரித்திருக்கிறோம். தொடர்ந்து இரண்டு வாரம் நடத்தினால் கூலிவேலைக்குப் போகிறவர்களும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாரும் வரமாட்டார்கள். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. முதற் சனிக்கிழமை கட்டிய கூட்டெருக் குவியலை அடுத்த சனிக்கிழமை பிரித்துப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று தெரியும். ஒரு அணியில் 20 பேர், ஐந்து ஐந்து பேராக நாலு குழு. ஐந்து பேருக்கு மேல் போனால் இருவர் செய்வார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பார்த்த மாத்திரத்தில் கைவருகிற வேலை இல்லை இது. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது, நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் சேதனப் பசளைக்கு மாறு என்று தோட்டக்காரருக்குச் சொல்லப்பட்டது. எதை எவ்வளவு சேர்ப்பது, எத்தனை நாள் விடுவது, பிழைத்தால் எப்படித் திருத்துவது என்பதைக் கைபிடித்துக் காட்டும் இடம் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தைக் கண்ட மண் இது. உரமும் எரிபொருளும் சீமெந்தும் ஒருநாள் வராமல் போகலாம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டுப்பாடு வந்தபின் பழகத் தொடங்கினால் ஒரு போகம் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பயிற்சி தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடுகிறது. அது சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீரின் மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் அடியில் உப்புநீர் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் மேலே வரும். மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைக்கிற கிணறு உவர்ப்பது இதனால்தான். மேலே இருக்கும் செம்மண்ணும் பல இடங்களில் ஆழமில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட யூரியாவில் பயிர் எடுக்காத பங்கு நைத்திரேற்றாகக் கரைந்து நேரே கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீரில் இது கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் குழந்தை நீலம்பாரிக்கும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிக்கக் கொதிக்க நீர் வற்றுமே தவிர நைத்திரேற்று போகாது, செறிவுதான் கூடும். ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலில் கொண்டுவந்து பரிசோதிப்பது முதல்நாள் வேலை. அதற்கு நைத்திரேற்றுப் பரிசோதனைத் தாள்களும் உப்புத்தன்மை அளக்கும் கருவி ஒன்றும் வேண்டும்.

அடுத்தது தாங்கி. கேட்கும் உதவியில் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது.

60 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 60 லீற்றர். ஓடு உறிஞ்சுவதும் தெறிப்பதும் போக 48 லீற்றர் கைக்கு வரும். ஆகவே 5,000 லீற்றர்த் தாங்கி நிரம்ப 105 மில்லிமீற்றர் மழை போதும். ஐப்பசியில் இரண்டு மூன்று நல்ல மழை. நாலு பேருள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 20 லீற்றர் எடுத்தால் அது 250 நாள் காணும். மாரி முடியும்போது தாங்கி நிறைந்திருந்தால் கோடை முழுவதும் நைத்திரேற்று இல்லாத தண்ணீர் வீட்டில் இருக்கும்.

களத்தில் கட்டப்போவது கம்பிவலைச் சீமெந்துத் தாங்கி. உள்விட்டம் 1.8 மீற்றர், உயரம் 2 மீற்றர், சுவர்த் தடிப்பு வெறும் 4 சென்ரிமீற்றர். 6 மில்லிமீற்றர் கம்பியை 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் நிலைக்குத்தாகவும் வளையமாகவும் கட்டி, உள்ளும் புறமும் கோழிக்கம்பி வலையைச் சுற்றி, வெளிப்பக்கம் தகரம் அணைத்து, உள்ளிருந்து பூச வேண்டும். கலவை சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று. 50 கிலோப் பைக்குத் தண்ணீர் 20 முதல் 22 லீற்றர், அதற்கு மேல் ஒரு செம்பும் கூடாது. கலவையை உள்ளங்கையில் பிடித்து நெரித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் நீர் வடியக்கூடாது. பூசுவது சுலபமாக இருக்கட்டும் என்று மேசன்மார் கொஞ்சம் தண்ணீர் கூட்டுவதுதான் இந்த வகைத் தாங்கிகள் கசிவதற்கு முதற் காரணம். கூடுதல் நீர் உலரும்போது நுண்துளை விட்டுப்போகும். இரண்டாவது காரணம் மணல். செலவு குறைவென்று கடற்கரைப் பக்கத்து மணலைக் கலந்தால் உப்பு உள்ளே இருந்து வலையைத் தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது, சில வருடத்தில் சுவர் பொருக்கு விட்டுக் கழரும். மூன்றாவது அவசரம். ஒரு பூச்சை ஒரே நாளில் சுற்றி முடிக்க வேண்டும், பாதியில் விட்டு மறுநாள் தொட்டால் அந்தப் பொருத்து ஒழுகும். பூசி முடிந்ததும் நனைந்த சாக்கால் போர்த்தி 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் காலத்தில் நாளுக்கு ஐந்து தடவை நனைத்தாலும் போதாமல் போகும், அதனால் வேலை நடக்கும் பக்கம் கிடுகு மறைப்புக் கட்ட வேண்டும்.

தாங்கிக்கு வேண்டியவை இவை: சீமெந்து 10 பை, கழுவிய ஆற்றுமணல் அரைக் கியூப், 6 மில்லிமீற்றர் கம்பி 55 கிலோ, கோழிக்கம்பி வலை 40 சதுர மீற்றர், கட்டுக்கம்பி, அத்திவாரத்துக்குக் கல்லும் சல்லியும். கொட்டகையின் இருபக்கமும் 10 மீற்றர் பீலி, இறக்கு குழாய்கள், முதல் மழையின் அழுக்கைப் பிரித்து ஒதுக்கும் 60 லீற்றர்க் கொள்கலம், நுளம்பு புகாத வலை. கடைசியைச் சிறிய பொருள் என்று விட்டுவிட முடியாது. மாரியில் டெங்கு பரவும் ஊரில் மூடாத தாங்கி கட்டிக் கொடுப்பது உதவியாகாது.

மண்ணுக்கு வருவோம். குழை தாழ்ப்பது எங்கள் தோட்டக்காரருக்குப் புதிதல்ல. பூவரசங்குழை வெட்டித் தறைக்குள் புதைத்து வெங்காயம் நட்ட கை இன்னமும் ஊரில் இருக்கிறது, அவர்களைத்தான் பயிற்றுநராக அழைக்கிறோம். புதிதாகப் பழக வேண்டியது சூட்டுக் கூட்டெரு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 1.2 மீற்றர். அதற்குச் சிறிதானால் சூடு தங்காது. வாழைச்சருகு, வைக்கோல் போன்ற காய்ந்தவை மூன்று பங்கு, கிளிசிரிடியாக் குழையும் பச்சைக் களையும் ஒரு பங்கு, மாட்டுச்சாணம் ஒரு பங்கு. அடுக்கடுக்காகப் போட்டு நனைக்க வேண்டும். மூன்று நாலு நாளில் நடுப்பகுதி 55 முதல் 65 பாகைக்கு ஏற வேண்டும், அந்தச் சூடுதான் களை விதையையும் நோய்க்கிருமியையும் கொல்கிறது. சூடு இறங்கத் தொடங்கியதும் வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்ட வேண்டும்.

குவியல் சூடேறவில்லை என்றால் ஒன்றில் காய்ந்துவிட்டது, அல்லது பச்சை போதவில்லை. மணத்தை வைத்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். அழுகிய முட்டை மணம் வந்தால் தண்ணீர் கூடிக் காற்று இல்லாமல் போயிற்று, மாரியில் மூடாமல் விட்ட குவியல்கள் அப்படித்தான் கெடும். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை வந்தால் பச்சையோ சாணமோ கூடிவிட்டது, சருகு சேர்க்க வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் ஒரு காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். குசினிச் சாம்பலையும் சுண்ணாம்பையும் குவியலில் கொட்டுவார்கள். எங்கள் மண்ணிலும் நீரிலும் சுண்ணம் ஏற்கனவே போதியளவு உண்டு. சாம்பல் காரத்தை இன்னும் கூட்டி, பயிருக்குப் போக வேண்டிய நைதரசனை அமோனியாவாகக் காற்றில் விட்டுவிடும். பனையோலையும் அப்படியே போட்டால் உக்காது, விரலளவாக நறுக்க வேண்டும். நறுக்கும் இயந்திரம் ஒன்றும், 50 சென்ரிமீற்றர்க் கம்பியுள்ள வெப்பமானிகள் நாலும், மூன்று அறைக் கூடு இரண்டு கட்டக் கொங்கிறீற்றுக் கற்களும் கேட்கிறோம்.

விதையில் ஒரே ஒரு பாடத்தை இங்கே காட்டுகிறோம், மற்றவற்றை ஊகித்துக்கொள்ளலாம். பூசணி அயல்வளவுப் பூசணியோடு தேனீயால் கலந்துவிடும். இந்த வருடம் நல்ல காய், அடுத்த வருடம் சப்பென்ற காய் என்று வருவதன் காரணம் அதுதான். மறுநாள் விரியப்போகும் பெண்பூவை, அடியில் குட்டிக் காயும் மொட்டின் நுனியில் மஞ்சளும் இருப்பதைக் கொண்டு, முதல்நாள் மாலையே கண்டுபிடித்து இதழை நூலால் கட்ட வேண்டும். அதே இன வேறொரு கொடியில் இரண்டு ஆண்பூவையும் கட்டி வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முன் ஆண்பூவின் இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவி, மீண்டும் கட்டிக் காம்பில் நிறநூல் சுற்ற வேண்டும். வெயில் ஏறினால் மகரந்தம் செத்துவிடும். காய் முற்றிப் பறித்தபின் இன்னும் மூன்று வாரம் வைத்துத்தான் விதை எடுப்பது. காய்ந்த விதையை வளைத்தால் வளையாமல் டக்கென்று முறிய வேண்டும், அதுவரை போத்தலில் அடைக்கக்கூடாது. வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி போத்தலின் அடியில் போட்டால் மிச்ச ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும். விதை அறைக்கு இறுக்கமூடும் கண்ணாடிப் போத்தல் 150, கிராம் நிறுக்கும் தராசு ஒன்று, மரத் தட்டுகள் வேண்டும். வேதாளன் வெங்காயம், தின்னவேலி ஊதாக் கத்தரி, பழைய பயிற்றை, பூசணி இனங்கள் யாரிடமாவது கலப்பில்லாமல் இருந்தால், ஒரு பிடி விதைதான் எங்களுக்கு மிகப்பெரிய நன்கொடை.

வேப்பங்கொட்டைக் கரைசல் (லீற்றருக்கு 50 கிராம் பருப்பு, இரவு ஊறவிட்டு வடித்து, மறுநாள் பொழுதுபடத் தெளிப்பது, வெயிலில் தெளித்தால் வீரியம் போய்விடும்), விறகை மிச்சப்படுத்தும் அனகி மண்ணடுப்பு, குசினிக் கழிவுநீரை வாழைக்கு விடும் குழி ஆகியவையும் பாடத்தில் உண்டு. கழிவுநீர்க் குழியை மட்டும் எந்தக் கிணற்றிலிருந்தும் 15 மீற்றருக்குக் கிட்ட வெட்டவிடமாட்டோம். சுண்ணக்கல் தட்டுப்படும் இடத்தில் அந்தத் தூரத்தையும் நம்ப முடியாது. அங்கே குழியே வேண்டாம், மேற்பரப்பில் பாத்தி கட்டிப் பாய்ச்சலாம்.

மிச்சம் கைக்கருவிகள். மண்வெட்டி 10, அலவாங்கு 4, கொடுவாக்கத்தி 8, பூவாளி 8, ஒற்றைச்சில்லுக் கைவண்டி 2, மட்டம் பார்க்க 20 மீற்றர் தெளிந்த குழாய். எங்கள் காணிகள் பார்வைக்குச் சமதரையாகத் தெரியும். ஐந்து சென்ரிமீற்றர் ஏற்றத்தாழ்வுதான் மாரித் தண்ணீர் மரத்தடியில் நிற்குமா ஒழுங்கைக்கு ஓடுமா என்பதைத் தீர்மானிக்கும். கடகம் 20 தேவை. அதைப் பிளாஸ்ரிக்கில் வாங்க மாட்டோம், பனையோலை பின்னும் பெண்களிடமே வாங்குவோம்.

சீமெந்து, கம்பி விலை நிலையில்லாதபடியால் ரூபாக் கணக்கை இங்கே எழுதவில்லை. பணம் அனுப்ப விரும்புகிறவர்கள் எந்தப் பொருளுக்கு என்று சொன்னால், வாங்கும் நாளின் விலைச்சீட்டைக் கேட்டு அறிவிப்போம். வாங்கியபின் பற்றுச்சீட்டின் பிரதியும் அந்தப் பொருளின் படமும் உங்களுக்கு வரும். ஊரில் இருப்பவர்கள் பொருளாகவே தரலாம். பாவித்த கருவியானால் பிடி ஆடாமல் இருக்கட்டும், வீடு கட்டி மிஞ்சிய கம்பியானால் மேல்துரு பரவாயில்லை, செதில் செதிலாகக் கழரும் துரு வேண்டாம். திறந்து வைத்த சீமெந்துப் பை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கையால் நெரிக்கக் கட்டி உடையாத சீமெந்து தாங்கிக்கு ஆகாது. நாலு நாள் உடலுழைப்புத் தருகிறவரின் பெயரும் நன்கொடையாளர் பட்டியலில் இருக்கும். சேர்ந்த தொகை, செலவு, மீதி மூன்றும் மாதந்தோறும் கொட்டகைப் பலகையில் எழுதப்படும். பயிற்சிக்குக் கட்டணம் அறவிட மாட்டோம். ஒவ்வொரு அணியும் போகுமுன் ஒரு பயிற்சியாளரின் வீட்டு வளவில் ஒரு தாங்கி கட்டி முடிக்கும். பொருட்செலவில் பாதி அந்த வீட்டாருடையது, பாதி இந்த நிதியிலிருந்து.

தாங்கியை ஆவணியில் கட்டினால்தான் ஈரம் காத்து, ஒருதடவை கழுவி, ஐப்பசி மழைக்குத் திறந்துவைக்கலாம். சீமெந்தை முன்கூட்டி வாங்கி அடுக்கினால் ஈரம் பிடித்துக் கட்டியாகும். ஆகவே தாங்கிக்கான பங்கு ஆடி முடிவதற்குள் பொருளாளரின் கைக்குக் கிடைக்க வேண்டும். கருவிகளும் விதைப் போத்தல்களும் புரட்டாதிவரை வரலாம். சனிக்கிழமைகளில் காலை எட்டு மணி முதல் குழுவினர் களத்தில் இருப்பார்கள், நேரில் வந்து காணியைப் பார்த்துவிட்டுத் தரலாம். வரும்போது உங்கள் கிணற்று நீரையும் ஒரு போத்தலில் கொண்டுவாருங்கள், பரிசோதித்துச் சொல்லுவோம்.

இப்படிக்கு,
பயிற்சிக்கள நிர்மாணக் குழுவினர்