கோத்தகிரியில் வீடு கட்டும் நண்பனுக்கு

மன்னார்குடி,
வைகாசிக் கடைசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. கோத்தகிரிப் பக்கம் வாங்கிப் போட்ட இடத்தில் ஒருவழியாக வாஸ்து பார்த்து வேலையை ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் முதலில் அம்மாவிடம்தான் போய்ச் சொன்னேன். "அங்க குளிருமேடா, அந்தப் புள்ள எப்படித் தாங்கும்?" என்றாள். நாமெல்லாம் அறுபதைத் தொட்டாலும் அவளுக்கு நீ இன்னும் புள்ளதான்.

நீ கேட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதுவே. ஈபி லைன் வராத இடம். நான் இங்கே சோலாரில் ஏசி ஓட்டுவது போல நீ அங்கே சோலாரிலேயே வீட்டைச் சூடாக்க முடியுமா, ஹாட் அண்ட் கோல்டு ஏசி ஒன்று வாங்கி மாட்டினால் போதுமா என்கிறாய். உடைத்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இது நன்றாக ஓடுகிறது. உன் ஊருக்கு இதே கணக்கு ஒத்துவராது, வேறு கணக்குப் போட வேண்டும். எங்கள் கணக்கை முதலில் எழுதுகிறேன், பிறகு உன்னுடையதைப் பார்ப்போம்.

மானியம் கிடைக்கும்போது அதை ஏன் விட்டாய் என்று கேட்டிருந்தாய். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் அது ஈபி லைனோடு சேர்ந்த ஆன்-கிரிட் ஏற்பாட்டுக்கு. சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் மேல் நம் மாடியிலிருந்து கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்துவிட்டுப் போனதை நீ நேரில் வந்து பார்த்தாய். கேரளாவிலிருந்தெல்லாம் மின்வாரிய ஆட்கள் வந்து பாடுபட்டும் கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அதைப் பார்த்த பிறகு, மாடியில் பேனலும் வெயிலும் இருந்தும் வீட்டில் விசிறி சுற்றாது என்கிற ஏற்பாட்டில் எனக்கு மனம் போகவில்லை. அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கத்திரியில் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் பிரஷர் ஏறிவிடுகிறது. அதனால் அவள் அறை, ஃபிரிட்ஜ், விசிறி, விளக்கு இவற்றை மட்டும் தனி வயரிங்கில் பிரித்து, ஈபி லைனோடு சேராத ஆஃப்-கிரிட்டில் விட்டேன். மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஈபியில் இருக்கிறது.

பேனல் 3 கிலோவாட். பேட்டரி 48 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம், அதாவது ஏறக்குறைய 5 யூனிட். ஏசி ஒரு டன், இன்வெர்ட்டர் வகை. இந்த வகைதான் வாங்க வேண்டும், அதில் சமரசமே கூடாது. பழைய ரக ஏசியின் கம்ப்ரஸர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டை ஒரு நொடி இழுக்கும். அந்த இழுப்புக்குச் சோலார் இன்வெர்ட்டர் விழுந்துவிடும். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகக் கிளம்பி, அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் மீட்டரில் முதல் அரை மணிக்கு 1,000 வாட் பக்கம் காட்டும், அப்புறம் 350, 400 என்று இறங்கிவிடும்.

பேனலை விற்க வந்த ஒருவர் "3 கிலோவாட் போட்டால் 24 மணி நேரமும் ஏசி ஓடும் சார்" என்றார். அந்த 3 கிலோவாட் என்பது பேனல் 25 டிகிரி சூட்டில் இருக்கும்போது சோதனைச்சாலையில் அளந்த கணக்கு. மே மாதம் எங்கள் மாடியில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். டிகிரிக்கு 0.35 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போகும். உச்சி வெயிலில் இரண்டரையைத் தொட்டாலே சந்தோஷம். ஒரு நாளைக்கு ஒரு கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12. இதில் பகலும் ராத்திரியும் ஓட்டியாக வேண்டும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பகலில் ஏசி ஓட்டுவது சுலபம், வெயில் காயும்போதே செலவாகிறது. ராத்திரிக்குச் சேமித்து வைப்பதுதான் காசு. ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு மூன்றரை யூனிட் ஆகும். அதை முழுக்கப் பேட்டரியிலிருந்து எடுத்தால் எங்கள் பேட்டரி கிட்டத்தட்டக் காலி. அதனால் நான் ராத்திரிக்கான குளிர்ச்சியில் ஒரு பங்கைப் பகலிலேயே அறைக்குள் ஏற்றி வைத்துவிடுகிறேன். காலை பதினொரு மணிக்கு ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டால் சாயங்காலம் நாலரை வரை ஓடும். சுவர், தரை, கட்டில், மெத்தை எல்லாம் குளிர்ந்துவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி போடும்போது அறை 28-ல் இருக்கும். பகலில் ஓட்டாத நாளில் அதே நேரத்தில் 34. அந்த வித்தியாசம்தான் பேட்டரியைக் காப்பாற்றுகிறது. வைப்பது 26 டிகிரி, கூடவே விசிறி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. 2020 முதல் புது ஏசிகள் எல்லாம் 24-லேயே தொடங்கும்படி வைத்ததும் அதனால்தான்.

தளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடிதம் பாதிதான். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல் கீழே இறக்கும். முன்பெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு அம்மா அறையில் ஸ்டூல் மேல் ஏறிக் கூரையைத் தொட்டால் கை சுடும். இதோடு எந்த ஏசியும் மல்லுக்கட்ட முடியாது. பேனலைச் சரியாக அந்த அறைக்கு மேலேயே வரும்படி, மூன்றடி உயரத்தில் சட்டம் போட்டு வைத்தோம். பேனலே தளத்துக்கு நிழல். மீதி இடத்தில் வெள்ளைத் தட்டு ஓடுகளைப் பதித்தோம். அதன் பிறகு கூரை சுடுவதே இல்லை. பேனல் போட்டதில் கரண்ட் பாதி லாபம் என்றால் நிழல் பாதி லாபம் என்பேன். உயரம் கூடினால் புயல் காற்று அடியில் புகுந்து தூக்கும், அதையும் யோசித்தே ஆக வேண்டும். சட்டத்தின் காலைத் தளத்தில் மேலாக ஆணி அடித்து நிறுத்தாமல், கீழே ஓடும் பீமில் துளை போட்டு இறக்கிக் கட்டச் சொன்னேன். கடல் பக்கம் இருக்கிறோம், அதனால் சட்டம் முழுக்கத் துத்தநாகம் பூசிய இரும்பு.

பேனலின் சாய்வில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லோரும் தெற்கே சாய்த்து வைப்பார்கள். எங்கள் ஊரில் சித்திரை முதல் வாரத்துக்குப் பிறகு மத்தியானச் சூரியன் தலைக்கு மேலே தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஏசி வேண்டியதும் அப்போதுதான். அதனால் மழைத் தண்ணீர் ஓடும் அளவுக்கு மட்டும் சாய்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஈரப்பதம் தெரிந்ததுதான். காவிரிப் பக்கத்துப் புழுக்கம் உனக்கு மறந்திருக்காது. காற்றிலிருக்கும் ஒரு லிட்டர் ஈரத்தைத் தண்ணீராக இறக்க 0.68 யூனிட் அளவுக்குக் குளிர்ச்சி செலவாகும். ஏசி ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்பதால் கரண்ட் கணக்கில் அது கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று நுழைந்துகொண்டே இருந்தால் அத்தனை ஈரத்தையும் இறக்கிக்கொண்டே இருக்கும். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்த பிறகு பின்பக்கம் வாளியில் சேரும் தண்ணீரே குறைந்துபோனது. அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றுகிறோம். பக்கத்தில் சிலர், அவ்வப்போது தண்ணீர் விட வேண்டிய டியூபுலர் பேட்டரிக்கு ஊற்றுகிறார்கள், கூடவே கூடாது. ஏசி காயிலில் பட்ட தூசியும் உலோகமும் அதில் கலந்திருக்கும்.

அரிசி ஆலை உமிச் சாம்பல்தான் இங்கே பெரிய தொல்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் நாட்களில் பேனல் மேல் கறுப்பாகப் படிந்துவிடும். விரலால் தொட்டால் எண்ணெய் போல ஒட்டும். விடியற்காலையில், பேனல் சூடேறும் முன் கழுவிவிட வேண்டும். போர் தண்ணீர் உப்பு என்பதால் அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும், துணியால் துடைத்தே ஆக வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலை இல்லை, ஏசி வேலையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பேனலில் கரண்ட் குறையும்போது எங்களுக்குக் குளிர்ச்சியும் தேவைப்படாது. வெயில் அதிகமாகும் நாளில்தான் ஏசி வேண்டும், அந்த நாளில்தான் கரண்டும் நிறைய வரும். டெல்டாவுக்கு இது கிடைத்த வரம்.

சரி, உன் ஊருக்கு வருகிறேன். உனக்கு இது நேர்மாறு மாப்ளே. 6,000 அடி உயரத்தில் நீ குளிரால் நடுங்குவது ராத்திரியில், மார்கழி, தையில், மழை மூட்டத்தில். பெரும்பாலும் பேனல் கை விரிக்கிற நேரம். கம்பிச் சுருள் ஹீட்டரை நினைக்கவே நினைக்காதே, ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும், 2 கிலோவாட் ஹீட்டர் இரண்டரை மணி நேரத்தில் எங்கள் பேட்டரி அளவு முழுவதையும் தின்றுவிடும். ஹாட் அண்ட் கோல்டு ஏசி வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துத் தருவதால் ஒன்றுக்கு மூன்று கிடைக்கும். உங்கள் ஊர்க் குளிரில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போட்டால் ராத்திரிக்கு 5 யூனிட் வீதம் 15 யூனிட் பேட்டரியில் இருந்தாக வேண்டும். அந்த விலைக்கு வீட்டில் இன்னொரு அறை கட்டிவிடலாம்.

அதனால் என் யோசனை இது. வீட்டை இப்போதுதானே கட்டுகிறாய், சூடு வெளியே போகாதபடி கட்டு. ஓட்டுக்கு அடியில் தெர்மாகோல் பலகையோ கண்ணாடிப் பஞ்சோ தடிமனாக வைத்து மரத்தால் மூடு. மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து வருவதால் தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் வை, வெயில் உள்ளே வந்து தரையில் விழும். ராத்திரிக்குக் கனமான திரை. பேனலையும் என்னைப் போலப் படுக்கப் போடாதே, 20, 25 டிகிரி தெற்கே சாய்த்து வை. குளிக்க சோலார் வாட்டர் ஹீட்டர் தனியாக இருக்கட்டும், அந்தச் சுமையைப் பேட்டரி மேல் ஏற்றாதே. படுக்கையறை ஒன்றுக்கு மட்டும் ஹாட் அண்ட் கோல்டு ஏசி போட்டு, மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை வெயிலிலேயே ஓட்டிச் சுவரைச் சூடேற்றிக்கொள். மூட்டம் போட்ட நாளுக்குப் புகைபோக்கியோடு ஒரு விறகு அடுப்பு, கூடத்தில். லித்தியம் பேட்டரியை வெளி ஷெட்டில் வைக்காதே. உறைகிற குளிரில் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

ஊர் விஷயம். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கும் என்ற நம்பிக்கையில் குறுவைக்கு நாற்றங்கால் விட ஆரம்பித்துவிட்டார்கள். போர் வைத்திருப்பவர்கள் நட்டே விட்டார்கள். கஜாவில் விழுந்த இடத்தில் நாம் வைத்த தென்னைகள் காய்க்க ஆரம்பித்துவிட்டன, உனக்கென்று ஒரு மூட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிரில் அது கூடும், எந்த அறை சூடாக இருக்க வேண்டும் என்பதை அவளிடம் கேட்டு முடிவு செய். வீட்டுப் பிளானில் எந்த அறை தெற்கே பார்க்கிறது, அகல நீளம் என்ன, கூரை ஓடா தளமா என்று எழுதி அனுப்பு. எத்தனை பேனல், எவ்வளவு பேட்டரி என்று நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்