நாற்பது வயதுக்கு முன்பே சொல்லுங்கள்: கடலூர் மாவட்ட ஆட்சியருக்கும் முன்னோடி வங்கிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2015இல் தொடங்கப்பட்ட அடல் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றிக் கைப்பேசிக்கு வரும் செய்திகள், உரியவர்களைச் சென்று சேரவில்லை என்பதைத் தெரிவிக்கவே இம்மடல். கடலூர் முதுநகரில் அக்கம்பக்கத்தாருக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன் நான். என்னிடம் விசாரிப்பவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள்.

அறுபது வயது முதல் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் பெற, 18 வயதில் சேருபவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 30 வயதில் அது 577 ரூபாய், 40 வயதில் 1,454 ரூபாய். அதற்கு மேல் சேரவே முடியாது. (அறுபது வயதில் அந்த 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.)

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்கு, கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு, வங்கியின் ரேகைக் கருவியில் வைத்தால் பதியாத அளவுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும்; வீட்டுக் கைப்பேசியோ பெரும்பாலும் மகனிடம் இருக்கும். ஆங்கிலக் குறுஞ்செய்தியால் இவர்களுக்கு என்ன பயன்? அதே வேலை செய்யும் ஒரு பெண்ணின் குரலில், அவர்கள் பேசும் தமிழில், இரண்டு நிமிட ஒலிப்பதிவைச் சுய உதவிக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ரேகை பதியாதவர்களுக்கு வேறு வழி என்ன என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

மீனவர்களின் சிக்கல் வேறு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் கணக்கில் பணம் இருக்காது. வங்கியால் தவணையை எடுக்க முடியாமல் போனால், கட்டியதெல்லாம் போய்விட்டது என்றே அவர் நினைக்கிறார். காலாண்டுக்கோ அரையாண்டுக்கோ ஒருமுறை கட்டலாம் என்பது விதியிலேயே இருக்கிறது. மீனவர் ஊரான தேவனாம்பட்டினத்துக்கு அனுப்பும் செய்தியில் முதல் வரியாக அதுவே இருக்கட்டும்.

சிப்காட்டிலும் கட்டுமானப் பணியிலும் உள்ள வடமாநிலத்தவருக்கு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும், ஊர் திரும்பினாலும் கணக்கு தொடரும் என்பதைச் சொல்ல வேண்டும்.

எந்தச் செய்தியிலும் அழுத்துவதற்கான இணைப்பு வேண்டாம். ஓடிபி மோசடிக்கு அஞ்சியே மக்கள் உண்மையான செய்தியையும் அழித்துவிடுகிறார்கள். மாறாக, எந்தக் கிளைக்கு, எந்தக் கிழமை, எந்த ஆவணத்துடன் வர வேண்டும் என்பது இருந்தால் போதும்.

அடுத்த தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது, துறைமுகத்திலிருந்தே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர்வாசி ஒருவர்