பகதூரும் நம் தெருக் காவலும்

யாங்கோன்

அன்பு மச்சானுக்கு,

நீ கொடுத்தனுப்பிய, பகதூர் கதைகள் வந்த பழைய இந்திரஜால் காமிக்ஸ் கட்டு நனையாமல் கசங்காமல் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? கரண்ட் வருவதும் போவதும்தான் இங்கே பெரிய பாடு. வருகிற நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான். அதனால் பகலிலேயே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்திரஜால் அத்தனையையும் படித்து முடித்துவிட்டேன்.

உளவாளிக் கதை என்றால் நமக்கு மாயாவிதானே. பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் படிக்கக் கோயில் வகுப்பை விட்டால் நமக்கு வேறு வழி ஏது? அங்கே கற்ற எழுத்தை ஓடவிட்டதே, கப்பலில் வேலை பார்த்த உன் மாமா கொண்டுவந்த முத்து காமிக்ஸ்தான். 1972-ல் வந்த முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதந்து வரும். நிழற்படை என்ற உளவு அமைப்பு, ரகசிய உத்தரவு, வெளியூர் வில்லன்கள்! அவன் இங்கிலீஷ்காரன் என்று அப்போது யாருக்குத் தெரியும்? நீ சென்னைக்குப் போன பிறகு, 1984-ல் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு தொடங்கியதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். மாயாவியும் பாண்டும் சீமையிலிருந்து வந்து தமிழ் பேசியவர்கள். அவர்கள் மேல் இருக்கும் பிரியம் எனக்கு இன்றும் குறையவில்லை.

ஆனால் பகதூர் வேறு ஜாதி. வெளிநாட்டு நாயகர்களான பேன்டமும் மாண்ட்ரேக்கும் ஆண்டுகொண்டிருந்த இந்திரஜாலில் 1976-ல் அவனைக் கொண்டுவந்தவர் எழுத்தாளர் ஆபித் சுர்த்தி. முதலில் வரைந்தவர் கோவிந்த் பிராமணியா. காவி நிறக் குர்தா, கீழே ஜீன்ஸ், அவ்வளவுதான் அவன் உடுப்பு. முகமூடி கிடையாது, மந்திரம் கிடையாது, மாயக் கருவியும் கிடையாது. அப்பன் கொள்ளைக்காரன். போலீஸ் அதிகாரி விஷாலின் கையால் செத்தவன். விஷாலைப் பழிவாங்க நினைத்த பிள்ளைக்கு, அப்பன் ஊரை என்ன பாடு படுத்தியிருக்கிறான் என்பது மெல்லப் புரிகிறது. அப்புறம் அதே விஷாலோடு நின்று, ஊர்க்காரர்களைச் சேர்த்து ஒரு பாதுகாப்புப் படை அமைக்கிறான். உளவாளிக் கதையில் நாயகன் எதிரியின் வீட்டுக்குள் நுழைவதுதான் வழக்கம். இவன் எதிரியின் வீட்டிலேயே பிறந்தவன். கொள்ளைக் கூட்டம் எப்படி யோசிக்கும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனையில் முளைத்ததும் அல்ல. வட இந்தியாவின் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்கள் 1972-ல் சர்வோதயத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையில் கூட்டம் கூட்டமாகத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். அதிலிருந்து நாலே வருடத்தில் கொள்ளைக்காரன் மகன் ஒருவன் காமிக்ஸில் நாயகனாகிறான். அன்றைக்கு அதைப் படித்த பிள்ளைகளுக்கு அது பேப்பரில் வந்த சேதியின் தொடர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். பகதூரின் தோழி பேலாவையும் சொல்ல வேண்டும். காப்பாற்றச் சொல்லிக் கத்துவதற்காக வைத்த பெண் அல்ல, பக்கத்தில் நின்று தானும் சண்டை போடுகிறவள்.

பிறகு அதே இந்திரஜாலில் தாரா என்றும் ஒருவன் வந்தான். அரச குடும்பத்துப் பிள்ளை, உள்ளுக்குள் ரகசிய ஏஜெண்ட். உளவாளி என்ற பட்டம் அவனுக்குத்தான் சரியாகப் பொருந்தும். ஆனாலும் பாண்டுக்கு இந்திய உடுப்பு மாட்டிவிட்ட மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. என் மனசு அவனிடம் ஒட்டவில்லை.

நம் வாத்தியார் மனப்பாடம் செய்ய வைத்த ஒற்றாடல் அதிகாரம் ஞாபகம் இருக்கிறதா? பார்க்கிறவர் சந்தேகப்படாத உருவம், எவர் முறைத்தாலும் அஞ்சாத கண், எந்த நிலையிலும் வெளியே விடாத வாய், இந்த மூன்றும் உள்ளவனே ஒற்றன் என்கிறார் வள்ளுவர். கோட்டும் சூட்டும் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் இல்லை. சந்தையில் நாலு பேரோடு நின்றால் பகதூரைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. நம் மண்ணின் ஒற்றன் இவன்தான் என்று நான் சொல்வது அதனால்தான்.

பகதூரின் அந்த ஊர்ப்படையை வாசிக்கும்போது, ஆட்சியை எதிர்த்துப் பர்மாவே கொந்தளித்த 1988 கண் முன்னால் வந்துவிட்டது, மச்சான். நீ அப்போது இங்கே இல்லை. தெருவுக்குத் தெரு மூங்கில் தடுப்பு கட்டி ராத்திரி முழுக்க முறை வைத்துக் காவல் இருந்தோம். தமிழன், பர்மாக்காரன், சீனன் எல்லோரும் ஒரே பெஞ்சில். புது முகம் வந்தால் யார் வீட்டுக்கு, எதற்கு என்று விசாரித்துத்தான் உள்ளே விடுவோம். தெருவை ஒரு தகரத்தைத் தட்டியே எழுப்பிவிடலாம். யாரும் எங்களுக்கு உத்தரவு போடவில்லை, சம்பளமும் தரவில்லை. அவரவர் வாசலை அவரவர் காத்தோம். மாயாவி தனி ஆள், பாண்டும் தனி ஆள். பகதூருக்குப் பின்னால் ஊர் நிற்கிறது. இந்த வித்தியாசம் அந்த ராத்திரிகளில் விழித்திருந்தவனுக்கு நன்றாகவே விளங்கும்.

சுர்த்தியைப் பற்றி நீ எழுதியதை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு மும்பையில் வீடு வீடாகப் போய், ஒழுகும் குழாய்களைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தாரே! இப்படிப்பட்ட மனிதரின் கையிலிருந்துதான் பகதூர் வந்திருக்க முடியும் என்றாள் அவள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பேரன் கோயில் வகுப்பில் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். நீ அனுப்பியவை எல்லாம் இங்கிலீஷ், அவன் படம் மட்டும்தான் பார்க்கிறான். இந்திரஜால் தமிழிலும் வந்ததே, திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் தேடிப்பார். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பகதூர் கதையாக இருந்தால் விலை கேட்காமல் வாங்கிவிடு. பணத்தை அடுத்து வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உனக்கு லபெட் பொட்டலமும், அதுதான் நம் ஊர் ஊறவைத்த தேயிலை, அதோடு வரும்.

அன்புடன்,
உன் ரங்கூன் மச்சான்